ஆரின் டாக்கெட் போட்ட துளை

ஆரின் டாக்கெட் தன் ஆயுளில் மூன்று வேலை பார்த்தார். மூன்றும் துளை போடுகிற வேலை. இளம் வயதில் பால்டிமோர் டிராம் வண்டியில் கண்டக்டராக இருந்து டிக்கெட்டில் துளை போட்டார். வேலையில்லாத் திண்டாட்டக் காலத்தில் அது போய், வாஷிங்டனில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் போட்டோ நெகட்டிவில் துளை போட்டார். யுத்தம் வந்ததும் மறுபடி பால்டிமோருக்கே திரும்பி, கப்பல் கட்டும் தளத்தில் இரும்புத் தகட்டில் துளை போட வேண்டிய இடத்தை உளியால் தட்டிக் குறித்துக் கொடுத்தார். நெட்டையான ஆள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாரிடமோ மன்னிப்புக் கேட்கப் புறப்பட்டு, பாதி வழியில் நின்றுவிட்டவர் மாதிரி ஒரு முகம்.

டிராம் டிக்கெட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இரும்புத் தகட்டைப் பற்றியும் அவ்வளவுதான். நடுவில் பார்த்த வேலைதான் அவரைப் பிடித்துக்கொண்டது.

அந்த அலுவலகம் கேமராக்காரர்களை நாடெங்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. மழை பொய்த்த ஊர்கள், விலை போகாத பருத்தி, தூசியில் புதைந்த வீடுகள், குத்தகைக்காரர்கள், அவர்களுடைய மனைவிமார்கள். இதையெல்லாம் படம் எடுத்து, இப்படியும் நம் நாட்டில் ஜனங்கள் இருக்கிறார்கள் என்று பட்டணத்துப் பெரிய மனிதர்களுக்குக் காட்டுவது வேலை. நல்ல வேலைதான், குறை சொல்ல மாட்டேன். நாள்தோறும் தபாலில் பிலிம் சுருள்கள் வந்து குவியும். கழுவி, காயவைத்து, பெரியவர் மேஜைக்குப் போகும். அலுவலகத் தலைவரைத்தான் எல்லோரும் பெரியவர் என்பார்கள். அவர் விளக்கு மேஜையில் நெகட்டிவைப் பரப்பி, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பார்ப்பார். பிடித்தது பிழைக்கும். பிடிக்காததன் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு விழும்.

கோடு விழுந்தவை ஆரினிடம் வரும். அவற்றை இனி யாரும் அச்சுப் போட்டுவிடக் கூடாது. அதற்காக டிக்கெட் குத்தும் கருவி மாதிரி ஒன்றால் ஒவ்வொன்றிலும் ஒரு வட்டத் துளை போட வேண்டும். அலுவலகத்தில் இதற்குக் 'கொல்வது' என்று பெயர். யாரும் யோசித்து வைத்த பெயரில்லை, பத்திரிகைக்காரர்கள் வழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டது. காப்பி குடிக்கிற இடத்தில், "என்ன ஆரின், இன்னிக்கு எத்தனை கொன்னே?" என்று சகஜமாகக் கேட்பார்கள். அவரும் நூற்றிருபது, நூற்று ஐம்பது என்று சொல்லிவிட்டு பிஸ்கட்டை நனைத்துத் தின்பார்.

ஆனால் மனிதர் இளகின மனசுக்காரர். முகத்தில் துளை போட அவருக்குக் கை வராது. ஆட்களை விட்டுவிட்டு வானத்திலோ, ஓரத்துப் புல்லிலோ குத்திவிடுவார். இப்படி ஒரு வருஷம் ஓடியது. ஒருநாள் பெரியவர் ஒரு சுருளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இது என்னய்யா?"

"கொன்னதுதாங்க."

"இதுவா கொன்னது? மூலையில ஒரு பொத்தல் போட்டா, வெட்டிட்டு மிச்சத்தை அச்சுப் போட மாட்டானா? எது இருக்கணும் எது போகணும்னு நான் முடிவு பண்ணணுமா, நீ முடிவு பண்ணணுமா? நடுவுல குத்து. பட்டுனு நடுவுல."

அன்றிலிருந்து ஆரின் நடுவில் குத்தினார். நடுவில் முகம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு குத்தினார். நடுவில் முகம் வராத படம் கிடைத்தால் அவருக்கு அன்றைக்குப் பண்டிகை.

அப்படி ஒரு படம் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. வட கரோலினாவில் பருத்தி எடுக்கிற மாதத்தில் எடுத்த சுருள் அது. ஒவ்வொரு படத்திலும் பெண்கள் தோளில் நீளமான வெள்ளைச் சாக்கைக் கட்டி இழுத்துக்கொண்டு பருத்தி எடுக்கிறார்கள். நெகட்டிவில் வெள்ளை எல்லாம் கறுப்பு அல்லவா? ஆகவே படத்துக்குப் படம் கறுப்பு மூட்டைகள். கடைசியில் ஒரு பெண் வேலை செய்யாமல் வீட்டு வாசலில் நிற்கிறாள். ஆண்பிள்ளைத் தொப்பி. அருகில் கம்பத்தில் குருவிகள் கூடு வைக்கட்டும் என்று தொங்கவிட்ட சுரைக்குடுக்கைகள். கேமராவை நேருக்கு நேர் பார்க்கிறாள். பெரியவருக்கு அது ஆகாது. போஸ் கொடுக்கிறாள் என்று கோடு போட்டுவிட்டார். ஆரின் அந்த முகத்தைத் தலைகீழ் வெளிச்சத்திலேயே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. பிறகு அளந்து பார்த்தார். முகம் மேலே இருந்தது. நடுவில் வந்தது அவள் மார்போடு அணைத்திருந்த சாக்கு. அப்பாடா என்று குத்தினார்.

அதற்குப் பிறகு சில மாதங்களில் அவருக்கு அது ஆரம்பித்தது. துளை போட்ட நெகட்டிவை யாராவது தெரியாமல் அச்சுப் போட்டால், துளை இருந்த இடம் கன்னங்கரேலென்று வட்டமாக விழும். அந்த வட்டம் அலுவலகத்தை விட்டு அவரோடு வெளியே வந்துவிட்டது. டிராமில் எதிர்ப் பலகையில் உட்கார்ந்திருக்கிற பெண்ணின் முகத்தில் ஒரு கண் இமைக்கும் நேரம் இருக்கும். சர்ச்சில் பாட்டுப் பாடுகிறவர்களின் வரிசையில் ஒருவருக்கு மட்டும் இருக்கும். கண் வைத்தியர் பார்த்துவிட்டு, கண் பழுதில்லை, ஈரல்தான் சரியில்லை என்று கசப்பு மருந்து கொடுத்தார். குடித்தார். வட்டம் போகவில்லை. அவருக்கே பயம் பிடித்துப்போய், யுத்தத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டார்.

கப்பல் தளத்தில் கொஞ்சம் நிம்மதி இருந்தது. அங்கே யாருக்கும் முகம் கிடையாது. வெல்டிங் செய்கிறவர்கள் எல்லோரும் முகமூடிக்குள். சத்தமோ காதைப் பிளக்கும். கென்டக்கி, வர்ஜீனியா, கரோலினா என்று எங்கிருந்தெல்லாமோ கலப்பையைப் போட்டுவிட்டு வந்த ஜனம். ஒரு படுக்கையை மூன்று ஷிப்டுக்கு மூன்று பேர் பகிர்ந்துகொண்டு, மாதக்கணக்கில் கட்ட வேண்டிய கப்பலை வாரக்கணக்கில் கட்டித் தண்ணீரில் தள்ளினார்கள். ஆரினை அங்கே வாஷிங்டன் என்றுதான் கூப்பிட்டார்கள். ரேஷன் கூப்பன் வரவில்லையா, மகன் எந்தப் பட்டாளத்தில் இருக்கிறான் என்று தெரியவில்லையா, வாஷிங்டனைக் கேள் என்பார்கள். அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது அவர்களுக்கும் தெரியும்.

நாற்பத்து மூன்றாம் வருஷம் வசந்த காலத்தில், பெண்கள் கப்பல் கட்டுவதைப் படம் எடுக்க அரசாங்கக் கேமராக்காரர் ஒருவர் வந்தார். மீசை கூட சரியாக முளைக்காத ஆள். கப்பலின் அடித்தகட்டில் குந்தி வெல்டிங் செய்துகொண்டிருந்த ஜெல்லா மாப்பினைப் போய் நிறுத்தினார். ஜெல்லாவுக்கு முப்பது வயதிருக்கும். தோல் சட்டை, ஆண்பிள்ளை பூட்ஸ், கையெல்லாம் நெருப்புப் பொறி பட்ட தழும்பு.

"அக்கா, முகமூடியைக் கொஞ்சம் மேல தூக்குங்க. அப்படியே கப்பலைப் பார்த்து ஒரு சிரிப்பு."

ஜெல்லா பாதி தூக்கியிருந்த முகமூடியைத் தலையை ஒரு ஆட்டு ஆட்டிக் கீழே இறக்கிக்கொண்டாள்.

"மொதல்ல எடுத்ததைக் குடுங்க தம்பி. அப்புறம் அடுத்ததைப் பேசிக்கலாம்."

"எதை எடுத்தோம்?"

"முப்பத்தேழு, அக்டோபர் மாசம். எங்க வீட்டு வாசல்ல வந்து எடுத்தீங்க. தபால்ல அனுப்பறேன்னு சொல்லிட்டுப் போனீங்க."

"முப்பத்தேழுல நான் பள்ளிக்கூடத்துல இருந்தேன்க்கா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஜெல்லா சிரிக்கவில்லை. "ஆளு யாரா இருந்தா எனக்கென்ன? சர்க்கார்தானே எடுத்துச்சு. நானும் ஆறு லெட்டர் போட்டுட்டேன். 'உங்கள் கடிதம் உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டது'ன்னு ஆறு பதில் வந்திருக்கு. அந்த உரிய பிரிவு எங்க இருக்குன்னு தெரிஞ்சா நேராவே போயிடுவேன்."

கிரேன் கொக்கி மாட்டுகிற ப்ளாய்ட் ஸ்நெல்லிங் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன். "இதுக்கு ஏன் வெளியூர் போறே? நம்ம வாஷிங்டன் அந்த ஆபீஸ்லதானே அஞ்சாறு வருஷம் குப்பை கொட்டினாரு. அவரைப் பிடி," என்றான்.

ஆரின் பத்தடி தள்ளி ஒரு தகட்டின் மேல் குனிந்திருந்தார். நிமிரவில்லை.

மறுநாள் மதியச் சங்கு ஊதியதும் ஜெல்லா தன் சாப்பாட்டுப் பெட்டியோடு அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள். பெட்டியில் ஆறிப்போன சோள ரொட்டியும் உப்புப் பன்றிக்கறியும். பாதி ரொட்டியைப் பிய்த்து, கேட்காமலேயே அவர் காகிதத்தில் வைத்தாள்.

"மிஸ்டர் ஆரின், ப்ளாய்ட் சொன்னது நெசமா?"

"நான் அங்க சின்ன வேலைதாம்மா பார்த்தேன். படம் எடுக்கறவன் இல்ல."

"எடுத்தவரு வேண்டாம். எடுத்தது எந்த அலமாரியில இருக்குன்னு தெரிஞ்சவரு போதும்." கொஞ்ச நேரம் மென்றாள். "எம் பொண்ணு, நெட்டி ரூத்து. ரெண்டு மாசம் இருந்தா. கக்குவான்ல போயிட்டா. அந்தப் படக்காரர் வந்த வாரந்தான் புதைச்சோம். அவளுக்குன்னு இருக்கறது அந்த ஒத்தைப் படந்தான். எங்ககிட்ட கேமரா ஏது? அவ அப்பாரு இப்போ ஆப்பிரிக்காவுல சண்டையில இருக்காரு. இங்க இருந்தப்பவும் குழந்தையைப் பத்திக் கேட்டா பேச்சை மாத்திடுவாரு. வேற யார்கிட்ட கேக்கறது? எனக்கு அவ முகம் கொஞ்சங் கொஞ்சமா மறந்துபோகுது மிஸ்டர் ஆரின். பெத்தவளுக்கு மறக்குமான்னு கேப்பீங்க. மறக்குது."

"எப்படிப்பட்ட படம்? அடையாளம் சொன்னா..." என்று ஆரின் கேட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"வாசல்ல நின்னேன். தலையில எம் வீட்டுக்காரரு தொப்பியைப் போட்டுக்கிட்டிருந்தேன். கம்பத்துல குருவிக்குன்னு சுரைக்குடுக்கை கட்டியிருப்போம்."

அவர் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தார். "குழந்தை எங்க இருந்துச்சு?"

"எங்க இருக்கும்? என் கையிலதான். மாவுச் சாக்கை வெளுத்து ஒரு துணி தெச்சிருந்தேன். அதுல சுத்தி மார்போட வச்சிருந்தேன்."

அந்த நெகட்டிவ் அவர் கண்முன் வந்து நின்றது. சுரைக்குடுக்கைகள், தொப்பி, முகம், நடுவில் கறுப்பு மூட்டை. சுருள் முழுக்கப் பருத்திச் சாக்காகப் பார்த்துப் பார்த்துப் பழகின கண்ணுக்கு அது இன்னொரு சாக்கு. சாக்கு என்று நினைத்துத்தான் சந்தோஷமாகக் குத்தினார்.

"எழுதிப் பார்க்கறேம்மா," என்றார்.

அவர் எழுதவில்லை. எழுதினால் என்ன வரும் என்று அவருக்குத்தான் தெரியுமே. குழந்தையைச் சாக்கு என்று நினைத்தவர், ஏழு வாரம் அந்தத் தாயிடம் சாக்குச் சொல்லியே நாளைக் கடத்தினார். கடிதம் போட்டாயிற்று என்றார். பதில் வரவில்லை என்றார். அலுவலகம் இடம் மாறிவிட்டதாம் என்றார். ஜெல்லா ஒவ்வொரு தடவையும், "சரி மிஸ்டர் ஆரின், உங்களுக்குத்தான் என்னால தொந்தரவு," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சண்டை போட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். கேமராக்காரரிடம் அவ்வளவு வாய் பேசியவள், இவரிடம் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. எனக்கு ஆரினைப் பிடிக்கும். ஆனாலும் இந்த ஏழு வாரத்துக்காக அவரைப் பிடித்து நாலு உலுக்கு உலுக்கியிருக்க வேண்டும்.

வட்டமும் திரும்பி வந்துவிட்டது. இந்தத் தடவை முகங்களில் இல்லை. யாராவது பெண் எதையாவது மார்போடு அணைத்துக்கொண்டு போனால், கறிகாய்ப் பையோ, துணி மூட்டையோ, அதன் மேல் வந்து உட்கார்ந்தது. டிராமில் ஒரு தாய் கைக்குழந்தையோடு ஏறினாள் என்று இவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, மழையில் இரண்டு மைல் நடந்து வேலைக்கு வந்தார். ப்ளாய்ட் பார்த்துவிட்டு, "என்னா வாஷிங்டன், பேயடிச்ச மாதிரி வர்றீரு?" என்றான். சும்மா சொன்னது. ஆரின் உளியை எடுத்துக்கொண்டு தகட்டின் மேல் குனிந்தார்.

மே மாதம் ஒருநாள் ஜெல்லாவுக்கு வெல்டிங் வெளிச்சம் கண்ணில் அடித்துவிட்டது. பக்கத்து ஆள் எச்சரிக்காமல் பற்றவைத்துவிட்டான். இரண்டு கண்ணிலும் பச்சை உருளைக்கிழங்கு வில்லையை வைத்துத் துணியால் கட்டிக்கொண்டு கருவி அறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஆரின் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார். குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டாள்.

"இந்த வெளிச்சம் அடிச்சா, அப்புறம் எங்க பார்த்தாலும் நடுவுல கறுப்பா ஒரு பொட்டு தெரியும், பார்த்திருக்கீங்களா?"

"ம்."

"இப்ப நான் நெட்டி ரூத்தை நெனச்சாலும் அதுதான் வருது. சுத்தி இருக்கற துணி தெரியுது, மடிப்பு தெரியுது. முகம் இருக்கற எடத்துல பொட்டு. கண்ணு சரியாயிட்டா போயிடுமாயிருக்கும்."

கண்ணைக் கட்டியிருந்ததால் அவர் முகம் போன போக்கு அவளுக்குத் தெரியவில்லை. அன்று சாயங்காலமே ஆரின் தன் அறைக்குப் போய்க் கடிதம் எழுதினார். அந்த அலுவலகத்தின் இருட்டறையில் அச்சுப் போடுகிற மிஸ் அடிலெய்டு ரஸ்க் என்ற பெண்மணிக்கு. சுருள் எந்த மாதத்தது, எந்த மாவட்டம், படம் எப்படி இருக்கும், எல்லாம் எழுதி, துளையோடு இருந்தாலும் பரவாயில்லை, ஒரு அச்சுப் போட்டு அனுப்புங்கள் என்று முடித்தார்.

பன்னிரண்டாம் நாள் அட்டை வைத்த உறை வந்தது. மிஸ் ரஸ்க் அதிகம் பேசுகிறவர் இல்லை. "கிடைத்தது. உன் கை சுத்தம்தான், நடு மையத்தில் விழுந்திருக்கிறது," என்று ஒரு துண்டுக் காகிதம். கிண்டலா, வருத்தமா என்று தெரியவில்லை. ஆரின் படத்தை எடுத்துப் பார்த்தார். தொப்பி. சுரைக்குடுக்கை. முகம். நெகட்டிவில் பார்த்தபோது அவரை நிறுத்திய அந்த முகம், நேர் வெளிச்சத்தில் பார்க்க வயசு குறைவாக இருந்தது. மார்பில் வெள்ளைத் துணி, அதன் மடிப்புகள், துணிக்கு வெளியே அவளுடைய ஐந்து விரல்கள். விரல்களுக்கு மேலே கறுப்பு வட்டம். பின்பக்கம் அலுவலக வழக்கப்படி முத்திரை குத்தியிருந்தது. ஒரே வார்த்தை: கொல்லப்பட்டது.

மூன்று நாள் அதைச் சாப்பாட்டுப் பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டு போனார், கொண்டுவந்தார்.

நாலாம் நாள் ஒரு கப்பல் இறக்குகிற நாள். மதியம் பேண்டு வாத்தியம், கொடி, யாரோ பெரிய இடத்து அம்மாள் வந்து சடங்குக்காகக் கப்பல் முகப்பில் ஷாம்பெயின் பாட்டிலை உடைத்தாள். எல்லோரும் தண்ணீர்ப் பக்கம் ஓடினார்கள். ஜெல்லா ஓடவில்லை, கப்பல் போன பிறகு வெறுமையாகக் கிடக்கிற இடத்தைப் பார்க்கத்தான் அவளுக்குப் பிடிக்கும் என்று ஒருமுறை சொல்லியிருந்தாள். மரக்கட்டைகளின் மேல் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஆரின் போய் உறையை நீட்டினார்.

அவள் கையைச் சட்டையில் இரண்டு முறை துடைத்துக்கொண்டாள். பிறகு வாங்கினாள். துரதிருஷ்டம், உறையிலிருந்து படம் பின்பக்கமாக வந்தது.

"கொல்லப்பட்டது," என்று எழுத்துக் கூட்டிப் படித்தாள். "யாரைக் கொன்னாங்க?"

"அது ஆபீஸ்ல சொல்ற வார்த்தைம்மா. வேண்டாம்னு ஒதுக்கின படத்துக்கு அப்படி..."

அவள் திருப்பிப் பார்த்தாள். வட்டத்தைப் பார்த்தாள். கட்டை விரலால் அதை ஒரு தடவை தேய்த்தாள், மை ஏதோ சிந்தியிருக்கிறது என்பது போல.

"நான் போட்டது," என்றார் ஆரின். "அந்தத் துளையை நாந்தான் போட்டேன். அதுதான் அங்க என் வேலை. நீங்க அடையாளம் சொன்ன அன்னிக்கே எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரல."

ஜெல்லா படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் திட்டுக்குக் காத்திருந்தார். அறை விழுந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் வந்திருந்தார்.

"அப்போ நீங்க பார்த்திருக்கீங்க," என்றாள்.

"என்னது?"

"துளை போடறதுக்கு முன்னாடி இது முழுசாத்தானே இருந்திருக்கும்? அதை முழுசாப் பார்த்தவரு நீங்கதான். எனக்குத் துணி ஞாபகம் இருக்கு, மூக்கு கொஞ்சம் ஞாபகம் இருக்கு. வாய் சுத்தமாப் போயிடுச்சு." இப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "சொல்லுங்க மிஸ்டர் ஆரின். எப்படி இருந்தா?"

துளை போட்டதை ஒப்புக்கொள்ள அவர் மூன்று நாளாகத் தைரியம் சேர்த்திருந்தார். ஆனால் உன் குழந்தையை நான் பார்க்கவேயில்லை, சாக்கு என்று நினைத்தேன் என்று அந்தக் கண்களைப் பார்த்துச் சொல்ல அவரால் முடியவில்லை.

"நல்லா இருந்தாம்மா," என்றார். "லட்சணமா இருந்தா. கண்ணைத் திறந்து உங்களையே பார்த்துக்கிட்டிருந்தா."

தண்ணீர்ப் பக்கம் பேண்டு நின்றுவிட்டது. ஆட்கள் பேசிக்கொண்டே திரும்பி வரும் சத்தம் கேட்டது.

"கண்ணைத் திறந்தா?"

"ஆமா."

"நல்லாத் தெரியுமா?"

"தெரியும்மா. அப்படியே ஞாபகம் இருக்கு."

ஜெல்லா தலையை மெதுவாக ஆட்டினாள். "அன்னிக்கு விடியறதுக்கு முன்னாடியே போயிட்டா. கண்ணை நாந்தான் மூடினேன். எம் வீட்டுக்காரரு சவப்பெட்டி செய்யப் பலகை கேக்கப் போயிருந்தாரு. கீழ விட மனசில்லாம வாசல்லயே வச்சுக்கிட்டு நின்னேன். அப்பத்தான் அந்தப் படக்காரரு காரு வந்துச்சு. செத்த குழந்தைன்னு சொன்னா எடுக்க மாட்டாரோன்னு தூங்குதுன்னு சொன்னேன். அவரும் சத்தமில்லாம எடுத்துட்டுப் போனாரு."

ஆரினுக்கு நின்ற இடத்திலேயே உயிர் போய்விடக் கூடாதா என்று இருந்தது. முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். விரல் இடுக்கு வழியாகத்தான் மிச்சத்தைச் சொன்னார்: நான் பார்க்கவில்லை, வயலில் இழுக்கிற சாக்கு என்று நினைத்தேன், முகம் தப்பித்தது என்று சந்தோஷப்பட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அவள் எழுந்து போகிற காலடிச் சத்தத்துக்காகக் காத்திருந்தார்.

அவள் போகவில்லை. மரக்கட்டையில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அவர் உட்கார்ந்தார்.

"அதையே இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள்.

"எதை?"

"இப்பச் சொன்னீங்களே. கண்ணைத் திறந்து பார்த்தான்னு."

"அது பொய்ம்மா."

"தெரியும். சொல்லுங்க."

அவர் படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வட்டத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். கண்ணைத் திறந்து பார்த்தாள் என்றார். தலையில் முடி நிறைய இருந்தது என்றார்.

"நெறைய இல்ல. பின்னாடி மட்டுந்தான்," என்றாள் ஜெல்லா.

பின்னால் மட்டும்தான் இருந்தது என்று திருத்திக்கொண்டார். கன்னம் உப்பலாக இருந்தது என்றார். வாய் சின்னதாக, மொக்கு மாதிரி குவிந்திருந்தது என்றார். குழந்தைகளுக்கு அப்படித்தானே இருக்கும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"குவிஞ்சா? இல்லியே. அவளுக்குக் கீழுதடு உள்ள மடிஞ்சிருக்கும், பல்லில்லாத கெழவி மாதிரி. அதைப் பார்த்துத்தான் நான் எப்பவும்..."

பாதியில் நிறுத்திவிட்டாள். தன் கீழுதட்டை விரலால் தொட்டு, உள்ளே மடித்துப் பார்த்துக்கொண்டாள். அப்படியே உட்கார்ந்திருந்தாள். சங்கு ஊதியது, ஆட்கள் அவரவர் இடத்துக்குப் போனார்கள், ப்ளாய்ட் ஏதோ கிண்டலாகச் சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்து போனான்.

"நிறுத்தாதீங்க மிஸ்டர் ஆரின்," என்றாள். "காது எப்படி இருந்துச்சு?"

அவர் காதைப் பற்றித் தப்புத் தப்பாகச் சொல்ல ஆரம்பித்தார்.